காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, பொன்னமராவதி போகும் ரோட்டை ஒட்டி. முன்பெல்லாம் ஊருக்குள் போனில் சிக்னல் கிடைக்காது, அந்த மேட்டில் மட்டும்தான் கிடைக்கும். அதனால் வெளிநாட்டில் புருஷன் இருக்கிற பெண்கள் எல்லோரும் சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் வந்து நின்றுவிடுவோம். ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டாலும் ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் சவூதியில் டிரைவர். எங்கள் சண்டை, சமாதானம் எல்லாம் ஊருக்குத் தெரிந்துதான் நடந்தது.

ஒன்றை மட்டும் நான் அந்தச் சுவரோரம் நின்று சொன்னதில்லை. மகள் அப்போது அதே பள்ளியில் எட்டாவது. காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். பள்ளிக் கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் சம்பளம் ஒழுங்காக வராமல் நின்றுவிட்டார். கதவைத் திறந்தாலே குமட்டும். அங்கே போகாமல் இருக்க வேண்டுமானால் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் எல்லோரும் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அதுதான். என் மகளுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. ஆஸ்பத்திரி நர்ஸ், "பிள்ளையத் தண்ணி குடிக்கச் சொல்ல மாட்டீங்களா?" என்று என்னைத்தான் திட்டினார். வீட்டுக்காரரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். வயசுக்கு வந்த பிள்ளையின் விஷயத்தைப் பத்துப் பேர் காதுபட எப்படிச் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் பள்ளி மைதானத்தின் மூலையில் செல்போன் டவர் வைக்க இடம் கேட்டு ஒரு கம்பெனியிலிருந்து வந்தார்கள். மாதா மாதம் வாடகை தருவார்களாம். ஊர்க் கூட்டத்தில் கை தூக்கி ஒத்துக்கொண்டால் மேலே எழுதி அனுமதி கேட்கலாம், அந்தப் பணத்தில் கழிப்பறை கழுவ நிரந்தரமாக ஒரு ஆள் போடலாம் என்று தலைமையாசிரியை என்னிடம் தனியாகச் சொன்னார். நானும் பெற்றோர் குழுவில் இருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்காரருக்கு யாரோ வாட்ஸப்பில் டவரைப் பற்றி எதையோ அனுப்பியிருந்தார்கள். மறுநாளே சத்தம் போட்டார். "எம்புள்ள தலைக்கு மேல டவரா? கதிர் அடிச்சு ஏதாவது வந்தா எவன் பாப்பான்? நீ கையத் தூக்காத!" சுற்றிலும் பெண்கள். "சரிங்க, பாக்குறேங்க" என்று வைத்துவிட்டேன். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. படித்தவர்களே இரண்டு விதமாகச் சொல்லும்போது பத்தாவது தாண்டாத நான் என்னத்தைக் கண்டேன்? ஆனால் டவரால் வரும் நோய் வருமோ வராதோ தெரியாது. வந்துவிட்ட நோயோடு என் மகள் தினமும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் ஆண்கள்தான் அதிகம் பேசினார்கள். குருவி சாகும், தென்னை காய்க்காது, பிள்ளைகளுக்கு மண்டை வலிக்கும் என்று ஆளுக்கு ஒன்று. நடுவில் ஒருவருக்குப் போன் வந்தது, சரியாகக் கேட்கவில்லை என்று சுவரோரம் ஓடினார். நான் எழுந்து, "டவர் வந்தா நல்லதுதான்" என்று ஆரம்பித்தேன். உடனே கொழுந்தன் முறையுள்ள ஒருவர், "அண்ணன்கூட வீட்டுல இருந்தே பேசணும்ல, அதான் அண்ணி கேக்குறாங்க" என்றார்.

"ஆமா, பேசத்தான். ஒங்க பொண்டாட்டிக்குச் சண்டை போடப் பக்கத்துலயே ஆளு இருக்கு. எனக்கு இல்லையே" என்று நானும் விட்டேன். கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அத்தனை ஆண்கள் முன்னால் கழிப்பறைப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. தலைமையாசிரியையும் 'பராமரிப்புச் செலவு' என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கினேன். எனக்குப் பின்னால் இன்னும் ஒன்றிரண்டு கைகள், அவ்வளவுதான். டவர் வேண்டாம் என்று முடிவாயிற்று.

ஆனாலும் டவர் வந்தது. பள்ளிக் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம், ஒருவருடைய சொந்த வயலில். கூட்டத்தில் குருவி சாகும் என்று கத்தியவருடைய வயல் இல்லை, அவருடைய பங்காளியின் வயல். அந்த மட்டுக்கும் நியாயம். பட்டா நிலம், அவர் இஷ்டம் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். வாடகை அவருக்குப் போனது. கழிப்பறை அப்படியே கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கொஞ்ச நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்குள் சிக்னல் வந்ததென்னவோ உண்மை. ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்காரருக்கு லீவு. அடுப்படியில் உட்கார்ந்தபடியே வீடியோவில் பேசினோம். படம் நிற்காமல் தெளிவாக ஓடியது அன்றைக்குத்தான்.

"ஏன்டா, ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு?" என்று மகளைக் கேட்டார்.

"ஸ்கூல்ல தண்ணி குடிக்க மாட்டேன்ப்பா. பாத்ரூம் போக முடியாது" என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக.

நான் போனை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நீர்க்கடுப்பு, நர்ஸ் திட்டியது, டவர் வாடகையில் ஆள் போடுவதாக இருந்தது, எல்லாம்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"எங்கிட்டு நின்னுங்க சொல்ல? அந்தச் செவத்துக்கிட்ட நின்னா?"

அவர் முகம் முழுசாகத் தெரிந்தது, கண் கலங்கியதும் தெரிந்தது. குத்திக்காட்ட நான் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பாவமாக இருந்தது.

பிறகு, "அந்த டவரு ஸ்கூல்ல இருந்து எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார்.

"இவ கிளாஸ் ஜன்னலத் தொறந்தா அதுதாங்க தெரியும்" என்றேன்.