தவிட்டுக்குப் போனவன்

மில்லில் இருந்து வந்த புதுத் தவிட்டுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். லேசாக இனிக்கிற ஒரு வாசம் மூக்கில் ஏறி, கொஞ்ச நேரத்தில் தும்மல் வரும். மாட்டுக்குத் தவிடு அள்ளும்போதெல்லாம் எனக்கு என் விலை ஞாபகம் வந்துவிடும். "ஒன்னையத் தவிட்டுக்குத்தாண்டா வாங்குனோம்" என்று பிள்ளைகளைக் கேலி செய்யாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கேலி இல்லை, ஏனென்றால் என்னை உண்மையிலேயே தவிட்டுக்கு விற்றிருந்தார்கள். பேரும் அதையே சொன்னது: தவிடன்.

எனக்கு முன்னால் ஆத்தாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றும் தவழ்வதற்குள் போய்ச் சேர்ந்தன. மூன்றுக்கும் அழகழகாகப் பேர் வைத்திருந்தார்களாம். அழகான பேரைக் கேட்டால் எமனுக்கும் தூக்கிப் போக ஆசை வந்துவிடும் என்று உத்தமபாளையத்தில் எங்கள் தெரு நம்பியது. அதனால் பிள்ளை தங்காத வீட்டில், குப்பையில் கிடத்தி எடுத்தவள் "குப்பாயி" ஆனாள், மூக்கைக் குத்தி வளையம் மாட்டி அசிங்கப்படுத்திய பையன் "மூக்கன்" ஆனான், வீடு வீடாகக் கையேந்தி வாங்கிய சோற்றைத் தின்று வளர்ந்தவன் "பிச்சை" ஆனான். மாதா கோயில் தெருக் கிறித்தவப் பையன்கள் ராயப்பன், சவரிமுத்து என்று கௌரவமாகத் திரிந்தார்கள். எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசித்தால் குப்பை வண்டிதான் வந்து நின்றிருக்கும்.

என்னை வாங்கியவர் அடுத்த தெரு கதீசம்மா. அவருடைய வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி, பிள்ளை இல்லை. நான் பிறந்த ஈரம் காய்வதற்குள் ஒரு முறம் தவிட்டைக் கொண்டுவந்து ஆத்தா மடியில் கொட்டிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார். "எமன் நம்ம சனத்து வீட்டுலதான தேடுவான், பள்ளிவாசத் தெருப்பக்கம் வரமாட்டான்" என்பது ஆத்தாவின் திட்டம். வீட்டுக்காரர் மட்டும், "இதெல்லாம் நம்ம மார்க்கத்துல இல்ல" என்றாராம். "ஏவாரம் இருக்குல்ல? தவுடு குடுத்தேன், புள்ளய வாங்குனேன்" என்றாராம் கதீசம்மா.

அன்றிலிருந்து நான் கதீசம்மா பிள்ளை. வளர்க்கிற வேலை மட்டும் ஆத்தாவுக்கு. கதீசம்மாவை "அம்மா" என்றும் அவர் வீட்டுக்காரரை "அத்தா" என்றும் கூப்பிட்டேன். என் கல்யாணத்தின்போது கதீசம்மாவுக்குச் சேலை வைத்து, தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்கிறவரை, ஆத்தா "எம்புள்ள" என்று வாயால் சொல்லக்கூடாது. சொல்லவும் இல்லை. மடியில் உட்காரப் போனால், வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் இடம் கொடுப்பாள்.

எனக்குப் பால்பல் விழுந்த வருசம் அத்தாவுடைய வியாபாரம் குமுளிக்கு மாறியது. லாரியில் சாமான் ஏறுவதைப் பார்த்ததும் ஆத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கியவள் ஊரை விட்டுப் போனால் நான் யார் பிள்ளை? தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் நான் அவளுக்கு. அவளுக்கு என்றால் எமனுக்குத் தெரிந்துவிடும். திருப்பாவிட்டால் நான் குமுளிக்கு. என்னைப் பெத்த அய்யா, "பெத்த புள்ளய யாரும் லாரியில ஏத்தி விடுவாகளாடி" என்று கத்தினார். ஆத்தா என் டவுசர் சட்டையை மஞ்சப்பையில் திணித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"யக்கா, ஒம்புள்ளயக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

கதீசம்மா என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "நெசமாவா பேச்சி?"

"எங்கிட்டு இருந்தாலும் உசுரோட இருந்தாச் சரிக்கா."

கதீசம்மாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை இன்று வரை வேறு யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை. என்னைத் தூக்கி லாரி முன்சீட்டில் உட்கார வைத்து, தன் சீலை முந்தியால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். எனக்கோ மலை ஏறப்போகிற குஷி. ஆத்தா நின்ற பக்கம் நான் திரும்பவே இல்லை. கதீசம்மாதான் திரும்பினார். ஆத்தா அழவில்லையாம், வேலிக் கம்பைப் பிடித்தபடி நின்றாளாம், கம்பு ஆடியதாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதீசம்மா என்னை இறக்கிக் கீழே விட்டார்.

"எம்புள்ளைக்கு மலைக் குளிரு ஒத்துக்காது பேச்சி. இங்கனயே விட்டுட்டுப் போறேன். பத்திரமா வளத்துக் குடு. ஏலே தவுடா, ஆத்தா சொல்றதக் கேட்டு நட."

லாரி நகர்ந்ததும் நான் தரையில் புரண்டு அழுதேன். "பாவம், எம்புட்டுப் பாசம்" என்று தெருவே கண்ணைத் துடைத்தது. நான் அழுதது லாரிக்காக.

என் கல்யாணத்துக்குக் கதீசம்மா குமுளியில் இருந்து வந்தார். சேலையை வாங்கிக்கொண்டு, "இப்பவாச்சும் மீட்டுக்க பேச்சி" என்றார். ஆத்தா சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும்க்கா, ஒம்பேருலயே கெடக்கட்டும்." மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற என்னைப் பழைய சைக்கிளைப் போல இரண்டு பேரும் பேசி முடித்தார்கள்.

இப்போது என் மகள் மாசமாக இருக்கிறாள். பழைய பேருக்குத்தான் மவுசாம். யாரும் வைக்காத பேராகப் போனில் தேடி, அர்த்தத்தையும் வாசித்துக் காட்டுகிறாள். "தவிடன்னு வையி தாயி, போட்டிக்கு ஆளே இல்ல" என்றேன். "போப்பா" என்றாள். தடுப்பூசி வந்த பிறகு எமனை ஏமாற்றப் பேர் தேட வேண்டியதில்லை. நல்லதுதான். எங்கள் தெருவில் குப்பாயியும் இல்லை, மூக்கனும் இல்லை. அந்த வகையில் மிச்சம் நான் ஒருத்தன்.

கதீசம்மா போன மழைக்குக் குமுளியில் இறந்துபோனார். போய் மண் போட்டுவிட்டு வந்தேன், ஆத்தாவிடம் சொல்லவில்லை. ஆத்தா இப்போது தேனியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். நேற்று ட்ரிப்ஸ் மாற்ற வந்த நர்சம்மா என்னைக் காட்டி, "ஒங்க மகனா பாட்டி?" என்று கேட்டது. ஆத்தா கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள்.

"இல்லத்தா. இது பாய் வீட்டுப் புள்ள. சும்மா பாக்க வந்திருக்கு."

அச்செடுத்த மாதிரி ஒரே மூக்கு எங்கள் இரண்டு பேருக்கும். நர்சம்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஆமாங்க. எங்க அம்மா குமுளியில நல்லா இருக்காக" என்றேன்.