மேஜைமேல் ஒரு முற்றுகை

மைசூரில் உட்கார்ந்துகொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையைப் பொதுஜனம் முன்னால் மேஜைமேல் ஆடிக் காட்டலாம் என்று எங்கள் கிளப்பில் எந்த மகானுபாவனுக்குத் தோன்றியதோ தெரியாது. "எங்கேயோ ஐரோப்பாவுல நடந்த சண்டைய எடுத்துக்கலாம்யா, ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? "நம்ம ஊர்ச் சண்டைன்னாத்தான் ஸார் கூட்டம் வரும்" என்றார்கள். கூட்டம் வந்தது. வந்து உயிரை வாங்கியது.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டு மாடியில் கூடிய ஏழெட்டுப் பேர். சின்ன பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு வர்ணம் அடித்து, மேஜையில் இரண்டு சேனைகளாக நிறுத்தி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்குத் தகுந்தபடி எதிராளியின் சிப்பாயைச் சாய்ப்போம். வயது வந்த ஆம்பிளைகள்தான் எல்லோரும். விதிகளுக்கு ஒரு சீமைப் புத்தகத்தின் ஜெராக்ஸ் இருந்தது. ஆற்றில் இறங்கிய சிப்பாய் ஒரு தடவையில் எத்தனை அங்குலம் போகலாம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பொழுது சாயும்வரை சண்டை. அப்புறம் அவரவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு ஆட்டம்கூட முடிந்ததில்லை.

சிப்பாய்களில் முக்கால்வாசிக்கு வர்ணம் அடித்தவர் ஒரு பாங்க் அதிகாரி. பாவம், அவருக்கு வடக்கே மாற்றலாகியிருந்தது. கண்காட்சிக்கு மறுநாள் காலை சாமான் ஏற்ற லாரி வருகிறது. "போறதுக்குள்ள ஒரே ஒரு ஆட்டம் முழுசா முடிச்சுடணும் ஸார்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான்தான் நடுவர். "முடிச்சுத் தரேன், நீர் வாரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நாங்கள் வாடகைக்கு எடுத்த கல்யாண சத்திரத்துச் சாப்பாட்டுக் கூடத்தைச் சாயங்காலம் ரிசப்ஷன்காரர்களுக்கு விட்டாக வேண்டும். அதற்குள் முடிக்க வேண்டும்.

முதல் தகராறு காலையிலேயே. எல்லோருக்கும் கோட்டையைக் காக்கிற மைசூர் சுல்தான் பக்கம்தான் வேண்டுமாம். வெள்ளைக்காரன் பக்கம் ஆடச் சொன்னால் ஒருவருக்கு முதுகு வலி, இன்னொருவருக்கு மாமனார் வருகிறார். "ஆட்டம் நடந்தாப் போறும் ஸார்" என்று கடைசியில் பாங்க்காரரே அந்தப் பக்கம் போய் நின்றார்.

தெர்மோகோல் கோட்டையும் நீல லைனிங் துணிக் காவேரியும் பார்க்க அம்சமாகத்தான் இருந்தன. ஆனால் வந்தவர்கள் இருக்கிறார்களே! ஒரு அம்மாள் சிப்பாய் டஜன் என்ன விலை என்று பேரம் பேசினாள். இன்னொருத்தி கைக்குழந்தையைக் காவேரிக் கரையில் உட்காரவைத்தாள். அது ஒரு பீரங்கியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அதைப் பிடுங்கினால் குழந்தை அழுகிறது, பிடுங்காவிட்டால் பாங்க்காரர் அழுகிறார்.

மத்தியானத்துக்கு மேல், எந்தச் சேனை யாருடையது என்று கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. தொலைந்தது. சுல்தான் பக்கம் பகடையில் ஆறு விழுந்தால் விசில் பறந்தது. பாங்க்காரர் பகடையை எடுத்தாலே "ஊ" என்று கத்தினார்கள். நான் திரும்பிய நேரம் பார்த்து, சஃபாரி சூட் போட்ட ஒரு பெரிய மனிதர் சுல்தானின் பீரங்கியைத் தூக்கி ஆற்றங்கரையில் வைத்துவிட்டார். ஏன் ஸ்வாமி என்றால், "இங்கேர்ந்து சுட்டாத்தான் ஸார் நல்லா விழும்" என்கிறார். வந்த கோபத்துக்கு அவரையே தூக்கிக் காவேரியில் போட்டிருப்பேன்.

பாங்க்காரர் அசரவில்லை. தலை நிமிராமல், அளந்து அளந்து ஆற்றைக் கடந்து கோட்டைச் சுவரை நெருங்கினார். சஃபாரிக்காரர் என் காதோரம் வந்து, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி ஸார், நம்ம ஊர்லயே நம்ம ஆளு தோக்கறதா?" என்றார். சரித்திரத்தை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறார் மனுஷன்!

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமல் போகிற புருஷன் அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்கப் பாங்க்காரரின் மனைவி முதல்முறையாக வந்திருந்தார். பிறந்து வளர்ந்தது எல்லாம் மைசூர்தான். சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏன்னா, நீங்க போயும் போயும் அந்தப் பக்கமா நிக்கறேள்?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். கூட்டம் சிரித்தது. பாங்க்காரர் காது சிவந்துபோனது. பகடையை உருட்டினார். ஆறு. சுவர் உடைந்தது. அடுத்த உருட்டலில் கோட்டை விழுந்தது.

நான் விசில் ஊதி ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தேன். ஒரு கை தட்டவில்லை. கொடுத்த டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். வாசலில் சமையல்காரர்கள் அண்டாவோடு வந்து நின்று, "ஆயித்தா ஸார்? முடிஞ்சுதா?" என்று அவசரப்படுத்தினார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை அழகாக ஆடிய மனுஷனுக்கு ஒரு சபாஷ் சொல்ல ஆள் இல்லையே. "முடிச்சாச்சுய்யா! முழு ஆட்டம்! இப்ப திருப்திதானே?" என்றேன்.

அவர் காலியான கூடத்தைப் பார்த்தார். "இன்னொரு ஆட்டம் வைக்கலாமா ஸார்? இந்தத் தடவை நான் சுல்தான் பக்கம் நிக்கறேன்."

"காலைல லாரி வருதேய்யா உமக்கு!" என்று கத்தினேன். சமையல்காரர்கள் மேஜையின் மறுமுனையைத் தூக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"தெரியும் ஸார்" என்றார். சொல்லிவிட்டு, விழுந்து கிடந்த சுல்தானின் சிப்பாய்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மறுபடியும் கோட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.