டங்கன் வீட்டு மருமகள்

எங்கள் பக்கம் மருமகள் மாமனார் பேரைச் சொல்லமாட்டாள். எனக்கு வாய்த்த மாமனார் பேர் டங்கன். கல்யாணமாகி வந்த புதிதில், சொல்லக் கூடாது என்பதே நல்லதாகப் போயிற்று என்றிருந்தேன். சொன்னால் சிரிப்பு வந்துவிடும்.

அவரைப் பெற்றெடுத்தபோது பிரசவம் பார்த்தவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த மிஷன் டாக்டர். தாயும் பிள்ளையும் பிழைத்த நன்றிக்கு டாக்டர் பேரையே வைத்துவிட்டார்கள். பிள்ளையோ அட்டக்கரி. கறம்பக்குடி தேங்காய் மண்டிக்குள் அவர் நுழைந்தாலே, "தொரை வந்துட்டாரு, நாற்காலி போடுங்கப்பா" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே காயைத் தட்டிப் பார்ப்பார். கேலி ஒருபக்கம் இருக்கட்டும், "டங்கன் பாத்துட்டாரா?" என்று கேட்காமல் அங்கே லாரியில் காய் ஏறாது.

எனக்குப் பையன் பிறந்தான். தலைப்பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பதுதான் வழக்கம். மாமா தன் பேரை வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. "இந்தக் காலத்துப் பேரா வைங்க ஆத்தா, எம் பேரோட நான் பட்டது போதும்" என்றார். சொன்னவர் அன்றைக்குப் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் வேறு, "அந்தப் பேரை வச்சா நீ பிள்ளைய எப்படிக் கூப்பிடுவ? எப்படி அதட்டுவ?" என்றார். நியாயமான கேள்விதான்.

அந்தப் பேருக்கு என்னதான் அர்த்தம் என்று போனில் தேடினேன். ஸ்காட்லாந்தின் பழைய பாஷையில் கறுத்த வீரன் என்று போட்டிருந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம் ஊரில் தெருவுக்கு நாலு கருப்பையா இருக்கிறார்கள். இவரும் அவர்களில் ஒருத்தர்தான். பொருந்தாத பேர் என்று சிரித்தவர்களுக்கு என்ன தெரியும்? மாமாவிடம் மட்டும் மூச்சுவிடவில்லை.

ஞானஸ்நானத்தன்று கோயிலில் போதகர், "பிள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"டங்கன். கறுத்த வீரன்னு அர்த்தங்க."

வந்திருந்த மண்டிக்காரர்கள் எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது பையன் ஓடித் திரிகிறான். "டேய் டங்கன், மண்ணைத் திங்காதடா" என்று நான் அதட்டும்போதெல்லாம் வாசலிலிருந்து மாமாதான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்.

"திங்கல ஆத்தா."