காத்தவராயன் சொன்ன வாக்குமூலம்

தெற்கு டெல்லியில் கைவினைப் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒருவரின் வீட்டில் காத்தவராயன் காவலாளியாக இருந்தான். அவன் மனைவி செங்கம்மாள் அங்கேயே வீட்டுவேலை பார்த்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரர்கள். மொட்டைமாடி அறையில் குடியிருப்பு.

2002 குளிர்காலத்தில் ஒரு காலை, வனவிலங்கு அதிகாரிகள் போலீஸோடு வந்து கீழ்த்தளக் கிடங்கைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே சாக்கில் சுற்றிய யானைத் தந்தங்கள். முதலாளி பதறவில்லை. "வாட்ச்மேனைக் கேளுங்க, சாவி அவன்கிட்டதான்" என்றார். முதலாளியையும் காத்தவராயனையும் கைது செய்தார்கள். முதலாளி சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டார். காத்தவராயனுக்கு ஜாமீன் நிற்க ஆளில்லை. திகார் சிறையில் கிடந்தான்.

செங்கம்மாள் மயூர் விஹார் அருகே குடிசையில் இருந்த தங்கை மாலாவிடம் போனாள். சிறையில் புருஷனைப் பார்த்ததும் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அது இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"முதலாளி மரச்சாமான்னாரு. ஒரு வாட்டி சாக்கு கிழிஞ்சுது. சின்னக் கொம்பு, குட்டியோடது போல. அடியில ரத்தம் காஞ்சிருந்துச்சு. நான்தான் துடைச்சேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லிட்டு எங்க போறது?"

அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

சோதனைக்கு வந்த அதிகாரிகளில் சங்கரநாராயணன் தமிழர். அவரைத் தேடிப் போனாள். "அவர் உள்ளதைச் சொன்னா முதலாளி மேல குத்தத்தை நிரூபிச்சிடலாம். ஆனா இவர் தப்பிச்சிடுவார்னு நான் வாக்கு குடுக்க முடியாதும்மா" என்றார் அவர். அடுத்த வாரம் முதலாளியின் ஆள் வந்தான். பழியைக் காத்தவராயன் ஏற்றுக்கொண்டால் அவளுக்கு அதே அறை, அதே வேலை என்றான்.

இரண்டையும் அவள் மறைக்காமல் புருஷனிடம் சொன்னாள்.

"நீ இன்னா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்தச் சாக்கைத் தூக்கினது நீ."

 அடுத்த விசாரணையில் காத்தவராயன் மாஜிஸ்திரேட்டிடம் எல்லாவற்றையும் சொன்னான். லாரி வந்தது, தான் இறக்கியது, ரத்தத்தைத் துடைத்தது. அரசு கொடுத்த வக்கீல் ஆள் பிணை இல்லாமலேயே ஜாமீன் வாங்கித் தந்தார். அதன்பின் எந்த வீட்டிலும் காவல் வேலை கிடைக்கவில்லை. கட்டடங்களில் செங்கல் சுமந்தான்.

வழக்கு ஆறேழு வருடம் இழுத்தது. கடைசியில் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. காத்தவராயன் சிறையில் கழித்த காலமே அவனுக்குத் தண்டனையாயிற்று. முதலாளிக்கு மூன்று வருடம். அவர் மேல்முறையீடு செய்து அன்றே வெளியே வந்தார்.

கோர்ட் வாசலில் அவருடைய கார் போவதைப் பார்த்தபடி காத்தவராயன் கேட்டான்: "இன்னும் எம்மேல கோவமா?"

"கோவம்தான்," என்றாள் செங்கம்மாள். "வா, பஸ் வருது."