துவைத்துவிட்ட காக்கிச் சட்டை

சலவைக்கடைக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பளிச்சு அண்ணன்தான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர், ஒற்றை இஸ்திரிப் பெட்டியில் தொடங்கி மூன்று மெஷின் வரைக்கும் வந்தார். யார் தயவும் கிடையாது. எது எதனால் வந்த கறை என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். அப்படி இன்னொரு ஆளைக் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறாராம். இன்றுவரை மீசை பத்திரமாக இருக்கிறது.

தெருக்கோடியில் நாய்க் காப்பகம் வந்தபோது கடைக்காரர்கள் ஆளுக்கொரு பொறுப்பை ஏற்றார்கள். பேக்கரிக்காரர் மிஞ்சிய ரொட்டி கொடுத்தார். மெத்தைக் கடைக்காரர் பஞ்சுத் துண்டுகள் அனுப்பினார். வீடு தேடும் நாய்களின் படம் எல்லாக் கடை வாசலிலும் தொங்கியது. படுக்கைத் துணி துவைப்பது அண்ணன் பங்கு.

ஒரு திங்கள்கிழமை, காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒரு குட்டியை மருத்துவரிடம் தூக்கிப் போயிருந்தாள். அண்ணனே உள்ளே போய்க் கூண்டு கூண்டாகத் துணியை உருவினார். கடைசிக் கூண்டில் கிழட்டுப் பழுப்பு நாய் ஒன்று காக்கிச் சட்டையின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. கம்பியில் ஏதோ சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டைப் படிப்பதெல்லாம் அவர் வழக்கமில்லை. காலர்ப் பிசுக்கைப் பார்த்ததுமே கை பரபரத்தது. நாய் லேசாக உறுமியது. பிறகு விட்டுவிட்டது.

இரண்டு முறை அலசி, விட்டுப்போன பொத்தானைத் தைத்து, இஸ்திரி போட்டு மறுநாள் கொண்டுபோனார்.

"பாரும்மா, காலரைப் பாரு! கடையில வாங்குனப்போகூட இப்படி இருந்திருக்காது."

அவள் முகம் செத்துப்போனது. "அண்ணே... சீட்டு எழுதி ஒட்டியிருந்தேனே. துவைக்காதீங்கன்னு."

"அழுக்கை வச்சு என்னம்மா பண்ணப் போறே?"

"இவனை வளர்த்த பஸ் டிரைவர் கடைசியா போட்டிருந்த சட்டைண்ணே அது. அவர் வாசனைதான் இவனுக்கு மிச்சம்."

நாய் சட்டைக்குள் மூக்கை விட்டது. சட்டைக் கையை முகர்ந்தது, காலரை முகர்ந்தது, மறுபடி கையை. பிறகு நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தது. அவ்வளவுதான். சட்டையை அங்கேயே விட்டு, கூண்டின் மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து நாய் சாப்பிடவில்லை. பேக்கரி ரொட்டி கூண்டு வாசலிலேயே காய்ந்தது. அண்ணன் சோப்புத் தண்ணீரில் கை வைக்கும்போதெல்லாம் யாரோ நிமிர்ந்து பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பினால் துணி மூட்டைதான்.

மூன்றாம் நாள் டிரைவரின் மகளைத் தேடிப் போனார். ஒற்றை அறை வீடு. நாய்க்கு அங்கே இடமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அப்பாவோட துணி வேற ஏதாச்சும் இருக்காம்மா? துவைக்காதது?"

"எல்லாத்தையும் காரியம் முடிஞ்சதும் உங்க கடையிலதானே போட்டேன், அண்ணே? வாசனைகூட இல்லாம அவ்வளவு சுத்தமா குடுத்தீங்களே."

எத்தனையோ பேர் அவரைப் பாராட்டியதுண்டு. ஒருத்தர் பாராட்டுக்கும் அவர் அப்படிச் சுருங்கியதில்லை.

நேராகக் காப்பகத்துக்குப் போய்க் கைநாட்டு வைத்து, நாயைத் தூக்கிக் கடைக்கே கொண்டுவந்தார். அவர் மனைவி, "நல்லா இருக்கு, ஊரு அழுக்கு போதாதுன்னு இது வேறயா?" என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் நாய் ஓர் அழுக்கு மூட்டையைக் கவிழ்த்துவிட்டது. சட்டை, புடவை, காலுறை என்று ஒவ்வொன்றாக முகர்ந்தது. கடைசித் துணி வரைக்கும் போய் நின்றது. பிறகு தட்டில் இருந்ததைப் பாதி தின்றது.

இப்போதும் அப்படித்தான். வரும் மூட்டைகளையெல்லாம் அண்ணன் தரையில் பிரித்துப் போடுகிறார். அது முடிக்கும் வரை மெஷின் ஓடாது. சொன்ன நேரத்துக்குத் துணி கொடுத்த மனுஷனிடம், "என்னண்ணே, வரவர லேட்டாகுதே?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்.

"செக்கிங் நடக்குதுல்ல" என்கிறார்.

கடைசித் துணியை முகர்ந்ததும் அது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கும். அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் சுவிட்சைப் போடுவார்.