நாற்பது லிட்டர்

"ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் விக்கிறீங்க, அத்தை?" என்று உஷியா கேட்டாள். படிவம் ஸ்பானிய மொழியில் இருந்தது; அவள் அதை ஊர்மொழியான கலீசியத்தில் சொன்னாள்.

"யாருக்கு இந்தக் கணக்கு?" என்றாள் தோரிந்தா, அடுப்புக்குள் விறகைத் தள்ளியபடி.

"அரசாங்கத்துக்கு. நாம ஐரோப்பியச் சமூகத்துல சேரப் போறோம்ல? நம்மகிட்ட எவ்வளவு பால், எவ்வளவு மீன்னு அவங்க கேக்கறாங்க."

"ஐரோப்பாவுல சேரப் போறோமா? அப்ப இத்தனை நாளா எங்கடி இருந்தோம், நிலாவுலயா?"

உஷியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோரிந்தா சிரிக்கவில்லை.

"நாப்பதுன்னு எழுது."

"ஏழு மாடு நிக்குது. தினம் காலையில ரெண்டு கேன் நிறைய ரோட்டோரம் வைக்கிறீங்க. எண்பதுக்குக் குறையாது. நானே பாக்கறேனே."

"நீ பாத்தா பரவாயில்ல. மாட்ரிட்காரன் எதுக்குப் பாக்கணும்?"

"இது வரிக்கு இல்ல, அத்தை."

"வரிக்குன்னு சொல்லிக்கிட்டா வருவான்? ஜெனரல் ஆண்ட காலத்துல தானியம் எண்ண வந்தாங்க. எங்கப்பா இருபது மூட்டைன்னு உள்ளதைச் சொன்னாரு. பன்னெண்டைத் தூக்கிட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டுக்காரன் எட்டுன்னான். அந்தக் குளிர்காலம் அவன் வீட்டுல ரொட்டி, எங்க வீட்டுல காட்டுல பொறுக்கி அவிச்ச கஷ்கொட்டை."

"ஜெனரல் செத்துப் பத்து வருஷமாச்சு. இப்ப நாம ஓட்டுப் போடறோம்."

"ஓட்டுப் பெட்டி புதுசுதான். எண்ண வர்றவன் முழி மட்டும் மாறவே இல்ல. எழுது, நாப்பது."

உஷியா எழுதினாள். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. அந்த மலையூரில் இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பதினோரு வீட்டுப் படிவங்களையும் அவளே நிரப்பினாள். பத்து வீட்டுக்காரர்கள் பாதிதான் சொன்னார்கள். செகுந்தினோ மட்டும் இருந்ததை இருந்தபடி சொன்னான். மதுக்கடையில் ஒரு மாதம் அவனை ஓட்டித் தள்ளினார்கள். "செகுந்தினோ, உன் கோழி போட்ட முட்டையையும் சேத்துச் சொன்னியா?"

தோரிந்தாவின் கணவன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவன். அங்கேயே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டான். மகள் பார்சிலோனாவில் ஒரு விடுதியில் சமைத்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்தால் உண்டு. மீதியெல்லாம் மாடுகள்தான். தொழுவம் வீட்டுக்கு அடியில் இருந்தது. பனி பெய்யும் மாதங்களில் மாடுகளின் சூடு பலகைத் தரை வழியே மேலேறி அவள் படுக்கையை எட்டும். கீழே குளம்பு புரண்டால் எந்த மாடு என்று படுத்தபடியே சொல்லிவிடுவாள்.

நாடு ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த ஜனவரி முதல் தேதியில் சந்தையூரில் வாணம் விட்டார்கள். தோரிந்தா பார்க்கப் போகவில்லை. அன்று அவளுடைய மாடுகளில் முன்னே நடக்கும் மரேலா கன்று ஈன்றது. அதற்கப்புறம் சில ஆண்டுகள் யாரும் எதுவும் கேட்கவில்லை. பால் லாரி வந்தது, போனது. படிவத்தை ஊரே மறந்தது.

பிறகு ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு பண்ணையும் இவ்வளவுதான் விற்கலாம், மிஞ்சினால் அபராதம் என்றது. நகராட்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த உஷியா அதை அதே அடுப்பங்கரையில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள்.

"நாப்பதா? எங்கேருந்து வந்தது இந்த நாப்பது?"

"நீங்க சொன்னதுதான், அத்தை."

தோரிந்தா கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எழுதினவ நீ. தெரிஞ்சுதானே எழுதின?"

அன்று மறுத்துச் சொன்னோமே, இன்னொரு முறை ஏன் சொல்லவில்லை என்று உஷியா பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். மூன்று மனுக்களை நல்ல ஸ்பானிய மொழியில் எழுதி அனுப்பினாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: உற்பத்தியாளர் தாமே அறிவித்த அளவு, மாற்ற வழியில்லை.

அந்த வருஷம் பாதிப் பாலைப் பன்றிக்கு ஊற்றினாள் தோரிந்தா. ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வசந்தம் வந்ததும் லாரிக்காரன், "நாப்பது லிட்டருக்கு இந்த மலை ஏறினா எனக்கு டீசல் கூடக் கட்டாது, பாட்டி" என்று சொல்லிவிட்டு வருவதையே நிறுத்திவிட்டான். உள்ளதைச் சொன்ன செகுந்தினோவுக்கு நிறைய விற்க அனுமதி இருந்தது; ஆனால் அவன் வீடு கீழே தார் ரோட்டோரம் இருந்தது, அவன் பாலுக்காக லாரி மலை ஏற வேண்டியதில்லை. பால் தொழிலையே விட்டுவிடுகிறவர்களுக்கு உதவித்தொகை என்று ஒரு திட்டம் வந்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: மாடுகள் அத்தனையும் வெட்டுக்கூடத்துக்குப் போக வேண்டும். அந்தப் படிவத்தையும் உஷியாதான் நிரப்பினாள். மாடுகள் எத்தனை என்ற இடத்தில் தோரிந்தா ஏழு என்றாள்.

மாட்டு லாரி வந்த காலை மழை தூறிக்கொண்டிருந்தது. மரேலா லாரியில் ஏற்றும் சாய்பலகையில் முன்கால் வைத்துவிட்டு நின்றுவிட்டது. அது நின்றதும் பின்னால் ஆறும் நின்றன. ஓட்டுநர் தடியை எடுத்தான். முதல் அடி விழுந்த சத்தம் அடுப்பங்கரை வரை கேட்டது. தோரிந்தா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உஷியா வாசற்படியில் நின்றாள், இறங்குவதா உள்ளே போவதா என்று தெரியாமல்.

"உஷியா" என்று கூப்பிட்டாள் தோரிந்தா. கடிதம் வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "நான் ஒரு குரல் கொடுத்தா மரேலா ஏறிடும். அது ஏறினா மத்ததும் ஏறிடும். என் வாயால அதுங்களை அங்க கூப்பிட மாட்டேன். நீ போய்க் கூப்பிடும்மா. 'வா மரேலா, வா'ன்னு, நான் இழுத்துக் கூப்பிடுவேன்ல, அதே மாதிரி. அடி வாங்காமயாவது ஏறட்டும்."