டப்பா அக்காவின் முப்பத்தொரு வரி

ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரப் பிரிவில் அவளை எல்லோரும் டப்பா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் கம்ப்யூட்டரில் டப்பா மாதிரித் தனி இடம் ஒதுக்கி, அதற்கு வேண்டிய மென்பொருள் தொகுப்புகளை அதற்குள்ளேயே நிறுவி, எது எந்தப் பதிப்பு என்று பட்டியலும் எழுதி வைப்பாள். ஓர் ஆய்வின் சாமான் இன்னொன்றுக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது. "எதுக்குக்கா இத்தனை டப்பா?" என்று குழந்தைகள் வார்டு டாக்டரே கிண்டலடிப்பார்.

அந்த டாக்டர்தான் அன்று காலை பதினொரு மணிக்கு மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றார். புது லேப்டாப்பில் தன் நான்கு வருடத்துப் பழைய ஆய்வை ஆசையாய் ஓட்டிப் பார்த்திருக்கிறார். பச்சிளங்குழந்தைகளுக்கு மருந்து எவ்வளவு என்று சொன்ன ஆய்வு அது. அன்று ஒரு கிலோ எடைக்கு 2.4 மில்லிகிராம் என்று வந்தது, இன்று 3.1. அதே தரவு, அதே கணக்கு!

"குடியே முழுகிடுச்சுக்கா. இத்தனை வருஷமா குறைச்சுக் குடுத்துட்டோமா? பன்னெண்டு மணிக்கு அடுத்த ஊசி. மருந்து அளவைக் கூட்டி ஊசியில எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்."

"எதை வெச்சு ஓட்டினீங்க?"

"எல்லாம் லேட்டஸ்ட்."

"ஆமா, பெரிய லேட்டஸ்ட்! உக்காருங்க."

பழைய பட்டியலைத் திறந்தாள். தொகுப்புக்கு ஒரு வரியாக முப்பத்தொரு வரி. அதைப் படித்துக் கம்ப்யூட்டர் அன்றைய தொகுப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கியது. ஓட்டினாள். 2.4. கடைசித் தசமம்வரை அச்சு அசலாக அதே எண்! டாக்டருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கடந்துபோன ஒரு நாளை இப்படித் திரும்ப எழுப்பி உட்கார வைக்க முடியுமா?

"அப்போ இதுதான் சரியா?"

"பழைய பதில் வந்துடுச்சுங்கறதால அது சரின்னு ஆயிடுமா டாக்டர்?"

இன்னொரு டப்பாவில் அதையே நகலெடுத்து, ஒரு தொகுப்பை மட்டும் புதுசாக்கி ஓட்டினாள். 2.4. அடுத்தது. 2.4. டாக்டர் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டாவது தொகுப்பில் 3.1 குதித்தது.

அதை நோண்டினாள். ஒன்பது குழந்தைகளுக்கு எடை குறிக்கவில்லை. பழைய பதிப்பு அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. புதியது அந்தக் காலிக் கட்டங்களைப் பூஜ்யமாக எடுத்துச் சராசரி எடையைக் குறைத்துவிட்டது; அதனால் கிலோவுக்கான மருந்து அளவு ஏறிவிட்டது.

"எடையே இல்லாத குழந்தை ஏது டாக்டர்?"

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. டாக்டர் வார்டுக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், கூட்டி எடுத்த ஊசி எல்லாத்தையும் கொட்டிடுங்க. பழைய அளவுதான்."

போனை வைத்துவிட்டு, "என் லேப்டாப்லயும் ஒரு டப்பா போட்டுக் குடுங்கக்கா" என்றார்.